பருந்தும் பட்டமும்

சொற்கள் உயிருள்ள பொருள்களைப் போல்வன. அவை பிறக்கின்றன, வளர்கின்றன, காலந்தோறும் வடிவம் மாறுகின்றன, தாம் பிறந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து வேறிடங்களிற் குடிபுகுகின்றன, சில வழக்கொழிந்து மறைந்தும் போகின்றன. அகராதியைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாவதில்லை. அகராதி ஒரு சொல்லின் பொருள்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திக் காட்டும். அவற்றுள் மூத்தது எது, இளையது எது, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு தோன்றிற்று என்பனவற்றை நாமே ஆராய்ந்து அறிதல் வேண்டும். அவ்வாறு ஆராய்வார்க்குச் சொல் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்று நூலாக விரியும். அதற்கு எடுத்துக்காட்டாக ஆங்கிலச் சொல் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

'கைட்' என்பது அச்சொல். அதற்குப் பொருள் யாதென மாணவர் ஒருவரைக் கேட்டால், 'பட்டம்' என்று உடனே விடை வரும். நூலும் தாளும் கொண்டு சிறுவர் வானிற் பறக்கவிடும் காற்றாடியே அவர் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், அச்சொல்லின் முதற்பொருள் அஃதன்று. பருந்து என்பதே அதன் முதற்பொருள். பறவைக்குரிய பெயர் விளையாட்டுப் பொருளுக்கு வந்தது எங்ஙனம்? அப்பறவைக்கு அப்பெயர் வாய்த்தது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

ஆங்கிலம் இன்றுள்ள வடிவில் என்றும் இருந்ததன்று. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். கி. பி. எட்டாம் நூற்றாண்டளவில், இலத்தீன் பயில்வோர்க்குதவும் பொருட்டு, அருஞ்சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து எழுதிவைத்தனர். அத்தொகுதிகளில் கொல்லும் பறவை ஒன்றன் பெயராக இச்சொல்லின் பழைய வடிவம் காணப்படுகின்றது. அஃது ஏறக்குறையக் 'கீட்டா' என ஒலித்தது. அதன் முதலெழுத்தின்மேல் ஏறிய உயிர், தூய ஈகாரமன்று. ஈகாரத்தை ஒலிக்கும்போதே ஊகாரத்துக்கு உதடு குவிப்பதுபோலக் குவித்தால் எழும் ஒலி. அத்தகைய ஒலி தமிழில் இல்லை; இக்கால ஆங்கிலத்திலும் இல்லை; ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் உண்டு.

பின்னர் நிகழ்ந்த மாறுதல்களைக் காண்போம். சொல்லின் இறுதி உயிர் நாளடைவில் தேய்ந்து மறைந்தது. குவிந்த உதடு விரிந்தமையால், முதலுயிர் வெறும் ஈகாரமாயிற்று. 'கீட்டா' என்பது 'கீட்' என நின்றது. பதினைந்தாம் நூற்றாண்டு முதற் பதினேழாம் நூற்றாண்டு வரையில் ஆங்கில நெட்டுயிர்களெல்லாம் ஒருசேர இடம்பெயர்ந்தன. இதனை 'உயிரொலிப் பெருமாற்றம்' எனலாம். அம்மாற்றத்தில் ஈகாரம் ஐகாரத்தை ஒத்த ஒலியாயிற்று. 'கீட்' என்றது 'கைட்' என மாறியது இவ்வாறே. 'காலம்' என்னும் பொருளுடைய 'டைம்' என்னும் சொல் முன்னர் 'டீம்' எனவும், 'வாழ்வு' என்னும் பொருளுடைய 'லைப்' என்னும் சொல் முன்னர் 'லீப்' எனவும் ஒலித்தவையே. ஒலிமாற்றம் ஒரு சொல்லை மட்டும் தனியே பற்றி நிகழ்வதன்று. ஓரினத்துச் சொற்கள் அனைத்தையும் ஒழுங்காகப் பற்றி நிகழும். இவ்வொழுங்கே சொல்லாராய்ச்சிக்கு அடிப்படை.

எழுத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதலெழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாக இருந்தது; இன்றோ அஃது பதினோராம் எழுத்து. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்களோடு வந்த பிரெஞ்சு எழுத்து முறையில் அம்மூன்றாம் எழுத்து இகர ஈகாரங்களின்முன் வரும்போது சகரத்தை ஒத்து ஒலிக்கும். ஆகவே, அவ்விடங்களிற் ககர ஒலியை ஐயமின்றிக் காட்டுதற்குப் பதினோராம் எழுத்தை இட்டெழுதுதல் வழக்கமாயிற்று. 'அரசன்' எனப் பொருள்படும் 'கிங்' என்னும் சொல்லும் இம்மாறுதலை அடைந்ததே. நாட்டை வென்றவர் அரசியலை மட்டும் மாற்றினாரல்லர். பருந்தின் பெயரை எழுதும் எழுத்தையும் மாற்றினர்.

இனி, அப்பெயர் தோன்றிய காரணத்தை ஆராய்வோம். சொற்பொருளின் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. பிறமொழிச் சொற்களுக்கும் அக்கருத்துப் பொருந்தும். ஆயினும், பறவைப் பெயர்களிற் பல, அவ்வப்பறவையின் குரலைப் போலச் செய்தே அமைந்தன. கா கா எனக் கரைவது காகம். 'குக்கூ' எனக் கூவும் ஐரோப்பியக் குயிலினப் பறவைக்கு ஆங்கிலத்தில் அக்குரலே பெயர். 'கைட்' என்பதும் அவ்வாறு குரல் பற்றி எழுந்த பெயரே என அறிஞர் பலர் கருதுவர். பருந்து வானிற் சுழலும்போது நீண்டு மெலிந்து நடுங்கும் சீழ்க்கையொலி எழுப்புதலை நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வொலியே 'கீட்டா' என்னும் சொல்லுக்கு வித்தாகியிருத்தல் கூடும்.

இக்கருத்துக்கு அரண் செய்வது ஜெர்மன் மொழியிலுள்ள 'கௌட்ஸ்' என்னும் சொல். அஃது ஆங்கிலச் சொல்லோடு ஓரடியிற் பிறந்தது. ஆனால், அதன் பொருள் பருந்தன்று, சிறிய ஆந்தை. பகலிற் பறக்கும் பருந்துக்கும் இரவில் அலறும் ஆந்தைக்கும் ஒரே அடியிலிருந்து பெயர் பிறந்தது எப்படி? உருவமும் பழக்கமும் பற்றிப் பெயரிட்டிருந்தால் இவ்வாறு நேர்ந்திராது. கூவும் குரலைப் பற்றிப் பெயரிட்டமையால், ஓரிடத்தார் அதனைப் பருந்துக்கும், மற்றோரிடத்தார் ஆந்தைக்கும் உரியதாக்கினர் என்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காத்லாந்திலும் அதே பறவைக்கு 'கிளெட்' என்றொரு பெயரும் உண்டு. அதுவும் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்ததே. சிறகசைக்காமல் காற்றில் வழுக்கிச் செல்லுதலைக் குறிக்கும் 'கிளைடு' என்னும் வினைச்சொல்லோடு அஃது உறவுடையது. எனவே, ஒரு பறவைக்கு இரண்டு பெயர்கள் அமைந்தன. ஒன்று செவியாற் கேட்ட குரலைப் பற்றியது. மற்றொன்று கண்ணாற் கண்ட பறத்தலைப் பற்றியது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இங்கிலாந்தில் 'கைட்' என்றால் முதற்கண் நினைக்கப்படுவது செந்நிறப் பருந்து. அது நம் ஊர்களிற் காணும் கரும்பருந்துக்கு நெருங்கிய உறவு. எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். சிறகுகளை விரித்தால் ஐந்தரை அடிக்கு மேல் அகலம் வரும். உடல் இலேசாகவும் சிறகு அகலமாகவும் இருத்தலால், சிறகை அடிக்காமலே நெடுநேரம் காற்றில் மிதக்கும். அதன் வால் நடுவே பிளவுபட்டது. கப்பலுக்குச் சுக்கான் போல, அவ்வாலை இருபுறமும் திருகித் திருகித் தான் செல்லும் திசையை அது மாற்றிக்கொள்ளும்.

முற்காலத்தில் இப்பறவை இலண்டன் மாநகரிலும் மிகுதியாக வாழ்ந்தது. தெருக்களிற் கிடந்த இறைச்சிக் கழிவுகளைத் தின்று வயிறு வளர்த்தது. அந்நகருக்குச் சென்ற அயல்நாட்டவர், அங்குள்ள பருந்துகளின் அச்சமின்மையைக் கண்டு வியந்து எழுதினர். சிறுவர் கையிலிருந்த உணவையும் அவை பறித்துச் சென்றனவாம். இத்தகைய பறவையின் பெயர் வசைச்சொல்லாகவும் மாறியதில் வியப்பில்லை. பிறர் பொருளைப் பறித்துண்ணும் பேராசைக்காரனைப் 'பருந்து' என இகழ்ந்தனர். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில், தன் மூத்த மகளின் நன்றியின்மை கண்டு மனம் புழுங்கிய அரசன், அவளை இச்சொல்லால் ஏசுகின்றான். 'குளிர்காலக் கதை' என்னும் நாடகத்தில், துணி திருடும் கள்வன் ஒருவன், கூடு கட்டும் பருந்தும் துணியைத் திருடும் என நினைவூட்டுகின்றான். அது புனைந்துரையன்று. இப்பறவை தன் கூட்டிற் கந்தலையும் துணியையும் கொண்டுவந்து சேர்க்கும் இயல்புடையது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். பட்டம் விடுதல் கீழ்நாடுகளிற் பன்னெடுங் காலமாக வழங்கிவருவது. சீன நாடே அதன் தாயகம் என்பது பலர் கொள்கை. ஐரோப்பாவில் அது பரவியது பிற்காலத்திலேதான். இங்கிலாந்தில் 1634ஆம் ஆண்டில் ஜான் பேட் என்பவர் வாணவேடிக்கை முதலியவற்றைக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில், சாய்சதுரமாகத் துணி கட்டி, வாலில் வெடிமருந்து கோத்து, நூலிற் பிணித்து வானில் ஏற்றும் பொருளொன்று விளக்கப்பட்டுள்ளது. இன்று நாம் பட்டம் என்போமே, அதுவே அது. ஆனால், அவர் அதற்கு இட்டு வழங்கிய பெயர் 'நெருப்பு நாகம்' என்னும் பொருளுடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், சாமுவேல் பட்லர் என்னும் புலவர் இயற்றிய 'ஹூடிபிராஸ்' என்னும் நகைச்சுவைக் காப்பியத்தின் இரண்டாம் பகுதியில், அப்பொருள் 'கைட்' எனக் குறிக்கப்படுகின்றது. அப்பகுதி 1664ஆம் ஆண்டினது. சிறுவன் ஒருவன் விளக்கைக் கட்டி இரவிற் பறக்கவிட்ட பட்டத்தைச் சோதிடன் ஒருவன் தொலைநோக்கியாற் கண்டு, 'இஃதொரு புதிய விண்மீனோ, வால்மீனோ!' என்று திகைக்கின்றான். அவ்விடத்தில் அப்புலவர் வேட்டைப் பறவைகளின் பெயர்களை வைத்துச் சொல் விளையாட்டும் நிகழ்த்துகின்றார். பட்டம் என்னும் பொருள் அக்காலத்தே மக்கள் வழக்கில் வந்துவிட்டது என்பதும், அதன் பறவைப் பொருளை எவரும் மறக்கவில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

பறவையின் பெயர் பட்டத்துக்கு ஆகிவந்த காரணம் வெளிப்படை. பருந்து சிறகசைக்காமற் காற்றிலே நிற்கும், பட்டமும் நிற்கும். பருந்து வாலால் தன்னை நிலைநிறுத்தும். பட்டத்துக்கும் வால் உண்டு. அண்ணாந்து நோக்குவார்க்கு இரண்டும் நீல வானில் அமைந்த புள்ளிகளே. ஒப்புமை பற்றி ஒன்றன் பெயர் மற்றொன்றுக்கு ஆகிவருதலைத் தமிழ் இலக்கணத்தார் உவமையாகுபெயர் என்பர். 'பாவை வந்தாள்' என்னுமிடத்துப் பாவை என்னும் சொல் பொம்மையை உணர்த்தாது, பாவை போன்ற பெண்ணை உணர்த்துதல் போல, 'கைட்' என்னும் சொல்லும் பருந்தை உணர்த்தாது, பருந்து போன்ற பட்டத்தை உணர்த்திற்று. தமிழில் நாம் கற்கும் ஆகுபெயர் இலக்கணம் ஆங்கிலச் சொல்லொன்றனைத் திறக்கும் திறவுகோலாகவும் பயன்படுதல் காண்க.

ஈண்டு வியத்தற்குரியது ஒன்று உண்டு. இச்சொல் பறவையின் குரலைப் பற்றிப் பிறந்தது என்று மேலே கண்டோம். அது பட்டத்துக்கு வந்ததோ பறத்தலைப் பற்றி. பறத்தலைப் பற்றி அமைந்த 'கிளெட்' என்னும் பெயர் வடபுலத்திலேயே நின்றுவிட்டது. குரலைப் பற்றி அமைந்த பெயர், குரலே இல்லாத தாளுக்கும் துணிக்கும் உரியதாயிற்று. மக்கள் ஒரு சொல்லை வழங்கும்போது அதன் பிறப்பை எண்ணி வழங்குவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பிறந்த காரணம் மறக்கப்பட்ட பின்னரே சொல் புதிய பொருளுக்குச் செல்லும் உரிமை பெறுகின்றது.

பட்டத்துக்குப் பிற நாட்டார் இட்ட பெயர்களையும் ஒப்புநோக்குவோம். ஜெர்மானியர் அதனைக் கதைகளில் வரும் பறவைநாகத்தின் பெயரால் அழைப்பர். ரஷ்யர் பாம்பு என்பர்; ஸ்பானியர் வால்மீன் என்பர்; போர்ச்சுகீசியர் கிளி என்பர். பிரெஞ்சுக்காரர் 'பறக்கும் கலைமான்' என்பர். ஜப்பானியர் பட்டத்துக்கு வழங்கும் சொல்லும், எட்டுக் கைகளையுடைய கடல்வாழ் உயிராகிய சாக்குக் கணவாய்க்கு வழங்கும் சொல்லும் ஒலியால் ஒன்றே. சீனரோ 'தாட்பருந்து' எனப் பொருள்படும் சொல்லொன்றைப் பண்டுதொட்டு வழங்கினர். மரத்தாற் பருந்து செய்து வானிற் பறக்கவிட்ட ஞானி ஒருவரைப் பற்றிய பழங்கதையும் அவர்களிடம் உண்டு. ஒரே பொருளைக் கண்ட மக்களுள் ஒருவர் வாலைக் கண்டு பாம்பென்றார். ஒருவர் நிறத்தைக் கண்டு கிளியென்றார். ஒருவர் மிதத்தலைக் கண்டு பருந்தென்றார். நெடுந்தொலைவில் வாழ்ந்த சீனரும் ஆங்கிலேயரும் ஒரே பறவையை நினைத்தமை எண்ணி இன்புறத்தக்கது. தமிழர் எவ்வுயிரின் பெயரையும் கடன் வாங்காமல், காற்றில் ஆடுவது என்னும் தொழில் பற்றிக் 'காற்றாடி' என்றனர்.

பட்டமென்னும் பொருள் நிலைபெற்றபின், 'கைட்' என்னும் சொல் மேலும் பல கிளைகளை விட்டது. 1752ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இடிமேகத்தினிடையே பட்டம் ஏற்றி, மேகத்தில் மின்னாற்றல் உண்டென ஆராய்ந்தார். 1899ஆம் ஆண்டில் ரைட் உடன்பிறந்தார், விமானம் செய்வதற்கு முன்னர், இரண்டடுக்குச் சிறகுடைய பட்டமொன்றைச் செய்து தங்கள் கருத்தைச் சோதித்தனர். 1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த கம்பியில்லாச் செய்தியை நியூபவுண்டுலாந்திற் கேட்டபோது, செய்தி வாங்கும் கம்பியை வானில் தாங்கி நின்றது பட்டமே. இவ்வாறு விளையாட்டுப் பொருளின் பெயர் ஆராய்ச்சிக் கருவியின் பெயரும் ஆயிற்று.

மாலுமிகள், காற்று மெலிந்திருக்கும்போது பாய்மரத்தின் உச்சியிற் கட்டும் இலேசான பாய்களை இப்பெயரால் அழைத்தனர். கணித நூலார், அடுத்தடுத்துள்ள இரண்டிரண்டு பக்கங்கள் சமமாக அமைந்த நாற்கரத்துக்கு இப்பெயர் சூட்டினர். பிரிட்டனில் தரக் கட்டுப்பாட்டுக்குரிய நிறுவனம், நன்கு செய்யப்பட்ட பண்டங்களின்மேற் பொறிக்கும் முத்திரை பட்டத்தின் வடிவை ஒத்திருத்தலால், அதுவும் இப்பெயரை ஏற்றது. அம்முத்திரை 1903ஆம் ஆண்டிற் பதிவு செய்யப்பட்டது.

வணிகர் வழக்கிலும் இச்சொல் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உண்மையான பண்டமோ பணமோ பின்னிற்காத கடன் உண்டியல்களை வணிகர் 'கைட்' என்றனர். பட்டம் வெறுங்காற்றால் உயர்வது. அவ்வுண்டியலும் வெறும் நம்பிக்கை என்னும் காற்றால் உயர்வது. கையிற் பணமில்லாதவன் ஒரு வங்கியின் காசோலையை மற்றொரு வங்கியிற் செலுத்தி, அது தீர்வதற்குள் வேறொரு காசோலையால் ஈடுசெய்து, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டும் மோசடிக்கும் இன்று இப்பெயரே வழங்குகின்றது. ஒரே சொல் நேர்மைக்குச் சான்றான முத்திரைக்கும், நேர்மையற்ற வஞ்சகத்துக்கும் பெயராதல் காண்க! சொல்லின்மேற் குற்றமில்லை, ஒருவர் பட்டத்தின் வடிவை நோக்கினார், மற்றவர் பட்டத்தின் உள்ளீடின்மையை நோக்கினார்.

அரசியலாரும் பட்டம் விடுவர். ஒரு திட்டத்தை வெளிப்படையாக அறிவிக்காமல், அதனைப் பற்றிய செய்தியை மட்டும் மெல்லக் கசியவிட்டு, மக்கள் கருத்து எப்பக்கம் வீசுகின்றது என்று பார்த்தலை ஆங்கிலத்திற் 'பட்டம் விடுதல்' என்பர். அமெரிக்கர் பேச்சில், 'போய்ப் பட்டம் விடு' எனப் பொருள்படும் தொடர், 'எனக்குத் தொல்லை தராமல் அகன்று போ' என்னும் கருத்தைத் தரும். மொழிபெயர்ப்போர் இத்தகைய இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். அகராதியின் முதற்பொருளை மட்டும் நம்பி, பிராங்கிளின் இடிமழையிற் பருந்தைப் பறக்கவிட்டார் என எழுதுவது நகைப்புக்கு இடமாகும். 'பட்டம்' என்னும் தமிழ்ச் சொல்லும் அத்தகையதே. காற்றாடியும் பட்டம், பல்கலைக் கழகம் அளிப்பதும் பட்டம், உழவர் விதைக்கும் பருவமும் பட்டம். உழவர் ஆடிப்பட்டம் என்பதை ஆடி மாதத்துக் காற்றாடி என ஆங்கிலத்தில் ஒருவர் பெயர்த்தால் நாம் என் சொல்வோம்?

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்த சொற்களெல்லாம் உறவுடையன அல்ல. ஸ்காத்லாந்தில் வயிற்றைக் குறிக்கும் சொல்லொன்று 'கைட்' என்றே ஒலிக்கும். அதற்கும் பருந்துக்கும் தொடர்பில்லை. வல்லூறு போன்ற பறவைக்கு ஆங்கிலத்தில் 'ஹாக்' என்பது பெயர். தெருவிற் கூவி விற்பவருக்கு 'ஹாக்கர்' என்பது பெயர். பறவையைப் போலத் திரிதலால் அவருக்கு அப்பெயர் வந்தது என்று கூறின், அது போலிக் காரணமாகும். முன்னது பழைய ஆங்கிலச் சொல். பின்னது வட ஜெர்மானியச் சிறு வணிகரிடமிருந்து வந்த வேறு சொல். தமிழில் ஆறு என்னும் எண்ணும், ஆறு என்னும் நீர்ப்பெருக்கும் வேறு வேறு சொற்களாதல் போல இவற்றையும் கொள்க. திங்கள் என்பதோ நிலவையும், நிலவால் அளக்கப்படும் மாதத்தையும் குறித்தல், ஒரு சொல்லே பொருள் விரிந்த முறை. விரிவையும் வெறும் ஒற்றுமையையும் பிரித்தறிதலே சொல்லாராய்ச்சியாளனின் முதற்கடமை.

இச்சொல்லின் வரலாறு இவ்வளவில் முடிந்ததன்று. பெயர் இவ்வாறு கிளைத்துத் தழைத்த காலத்தில், பெயருக்குரிய பறவை என்னாயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். எலிசபெத் அரசியின் காலத்தில், 1566ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பயிருக்கும் பண்ணைக்கும் தீங்கு செய்வன எனக் கருதப்பட்ட உயிர்களைக் கொன்று கொணர்வார்க்குப் பரிசு அளித்தது. அவ்வுயிர்களுள் பருந்தும் ஒன்று. பிற்காலத்தில் வேட்டைக் காடுகளின் காவலர் அதனைச் சுட்டும், நஞ்சு வைத்தும் கொன்றனர். முட்டை திரட்டுவோர் கூடுகளைச் சூறையாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் செந்நிறப் பருந்து கூடு கட்டி வாழ்வது அறவே ஒழிந்தது. வேல்ஸ் நாட்டு மலைப்பள்ளத்தாக்குகளில் மட்டும் ஒருசில இணைகள் எஞ்சின.

அக்காலத்து ஆங்கிலச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் வயல்வெளியிலே 'கைட்' விடுகின்றான்; பள்ளியிலே 'கைட்' என்னும் நாற்கரத்தை வரைகின்றான்; ஆனால், இவற்றுக்கெல்லாம் பெயர் ஈந்த பறவையை அவன் தன் வாழ்நாளிற் கண்டதில்லை. ஒப்புமை கூறியவர் எதனைக் கண்டு ஒப்புமை கூறினாரோ, அதுவே வானில் இல்லை. தரமுத்திரை பதிவு பெற்ற அதே 1903ஆம் ஆண்டில், வேல்ஸில் எஞ்சிய பருந்துகளைக் காக்கும்பொருட்டு ஒரு குழு அமைந்தது. பெயர் இவ்வாறு கிளைத்துத் தழைத்திருந்த ஆண்டில், பெயருக்குரியது ஒருசில மரங்களில் ஒடுங்கிக் கிடந்தது.

நல்லோர் சிலருடைய முயற்சி வீண்போகவில்லை. கூடுகளுக்குக் காவல் வைத்துப் பல ஆண்டுகள் பாதுகாத்தனர். 1989ஆம் ஆண்டு முதல் சுவீடன், ஸ்பெயின் ஆகிய நாடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து, ஸ்காத்லாந்திலும் இங்கிலாந்திலும் வளர்த்து விடுவித்தனர். அவை பெருகின, இன்று பிரிட்டனில் ஆயிரக்கணக்கான இணைகள் வாழ்கின்றன. ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதியில் இப்பறவை குறைந்தபோது, 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இளம் பருந்துகள் அங்கே அனுப்பப்பட்டன. கடனாகப் பெற்றதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தனர் எனலாம்.

இவ்வரலாறு நமக்கும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. பாறு என்பது பிணந்தின்னும் பெரிய கழுகுக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவில் அப்பறவையினங்களுட் சில, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு நோவு தணிக்கக் கொடுத்த டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த கால்நடையின் உடலிலிருந்து பாறுகளுக்கு நஞ்சாய்ப் பரவியதே அதற்குக் காரணம். 2006ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் அவை இன்றும் எஞ்சி வாழ்கின்றன. அவற்றைக் காவாதுவிடின், 'பாறு' என்னும் சொல் அகராதியில் மட்டும் வாழும் சொல்லாகிவிடும்.

மாணவர்களே, ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் கற்று அமையாதீர்கள். அஃது எவ்வொலியிற் பிறந்தது, எவ்வழியே நடந்தது, எவ்வெப்பொருளைத் தழுவியது என்று வினவுங்கள். ஊகத்தை உண்மையென மயங்காது, சான்று தேடுங்கள். அவற்றோடு, அச்சொல் குறிக்கும் பொருள் இவ்வுலகில் நலமாக உள்ளதா என்பதையும் ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். நாம் பட்டம் விடும் வானில் பருந்தும் பறத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அப்பெயரிட்டோர் கண்ட ஒப்புமையை நாமும் கண்ணாற் கண்டு மகிழ்தல் கூடும்.